இதயம் துடிக்கும்போதே பைபாஸ்: ‘பீட்டிங் ஹார்ட் சர்ஜரி’ எப்படி நடக்கிறது, யாருக்கு ஏற்றது?

“இதயத்தை நிறுத்தாமலேயே ஆபரேஷன் பண்ணாங்களாமே, அது எப்படி?”

2023 ஜூன் மாதம் தமிழ்நாட்டில் பலரும் கேட்ட கேள்வி இது. அப்போது அமைச்சராக இருந்த செந்தில் பாலாஜிக்கு ஜூன் 21-ம் தேதி சென்னை காவேரி மருத்துவமனையில் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. துடித்துக்கொண்டிருக்கும் இதயத்திலேயே நான்கு கிராஃப்ட்டுகள் வைக்கப்பட்டதாக மருத்துவமனை அறிக்கை வெளியிட்டது. ‘பீட்டிங் ஹார்ட்’ என்ற வார்த்தையைப் பலர் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள்.

மருத்துவர்களுக்கு இது புதிய விஷயம் அல்ல. ‘ஆஃப்-பம்ப் பைபாஸ்’ என்ற பெயரில் இந்தியாவின் பல மருத்துவமனைகளில் அன்றாடம் நடக்கும் ஆபரேஷன்தான். ஆனால், குடும்பத்தினரின் நிலைமை வேறு. அப்பாவுக்கு ஆஞ்சியோ முடிந்திருக்கும். “மூணு ரத்தக்குழாய்லயும் அடைப்பு இருக்கு. ஸ்டென்ட் வேண்டாம், பைபாஸ்தான் நல்லது. பீட்டிங் ஹார்ட்லயே பண்ணிடலாம்” என்று டாக்டர் சொல்வார். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய மகனுக்கோ மகளுக்கோ ஆயிரம் சந்தேகம் வரும். துடிக்கிற இதயத்தில் தைத்தால் ஆபத்து இல்லையா? இல்லை, இதயத்தை நிறுத்திச் செய்வதுதான் ஆபத்தா? இது புது டெக்னாலஜி என்றால், மற்றது பழைய காலத்து முறையா?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பைபாஸ் என்றால் என்ன?

நிமிடத்துக்கு 70 முறை என்று வைத்துக்கொண்டால், இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கிறது. உடம்பு முழுக்க ரத்தம் அனுப்பும் அந்தத் தசைக்கும் ரத்தம் வேண்டுமே! அதைக் கொண்டுவருபவைதான் கரோனரி தமனிகள். இதயத்தின் மேற்பரப்பில் கொடி போலப் படர்ந்திருக்கும் இந்தக் குழாய்கள் மிகவும் மெல்லியவை. கிராஃப்ட் தைக்கப்படும் இடங்களில் இவற்றின் விட்டம் பெரும்பாலும் 1.5 முதல் 2 மில்லிமீட்டர்தான்.

இவற்றின் உள்சுவரில் கொழுப்பும் கால்சியமும் படிந்து அடைப்பு ஏற்படும்போது, இதயத் தசைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. படி ஏறினால் நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்குவது எல்லாம் இதனால் வரலாம். அடைப்பு திடீரென முழுமையானால் மாரடைப்பு.

பைபாஸில் அந்த அடைப்பைச் சுரண்டி எடுப்பதில்லை. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. அடைப்பு அங்கேயே இருக்கும். அதைத் தாண்டி ரத்தம் போக ஒரு மாற்றுப் பாதை போடுகிறார்கள். ஊருக்குள் டிராஃபிக் ஜாம் என்றால் ஊருக்கு வெளியே பைபாஸ் சாலை போடுகிறோமே, அதே மாதிரி. அந்த மாற்றுப் பாதைக்குப் பெயர்தான் கிராஃப்ட்.

கிராஃப்ட்டுக்கான குழாய் நோயாளியின் உடம்பிலிருந்தே எடுக்கப்படுகிறது. நெஞ்செலும்பின் உட்புறமாக ஓடும் மார்புத் தமனி, காலில் உள்ள நீளமான சிரை, முன்னங்கை தமனி ஆகிய மூன்றும்தான் அதிகம் பயன்படுபவை. இதில் இடது மார்புத் தமனிக்குத் தனி மவுசு உண்டு. இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் தரும் முக்கியத் தமனியோடு இதை இணைத்தால், 10 ஆண்டுகள் கழித்தும் 10-ல் 9 பேருக்கு அது திறந்தே இருக்கிறது. கால் சிரை அவ்வளவு நாள் தாங்குவதில்லை. 10 ஆண்டுகளில் ஏறத்தாழ பாதி அடைபட்டுவிடும்.

“எத்தனை கிராஃப்ட்?” என்று கேட்பவர்கள், “எந்தக் குழாய்?” என்றும் கேட்பது நல்லது.

இதயத்தை ஏன் நிறுத்தினார்கள்?

2 மில்லிமீட்டர் குழாயில் ஒரு கீறல் போட்டு, தலைமுடியை விட மெல்லிய நூலால் இன்னொரு குழாயைச் சுற்றிலும் தைக்க வேண்டும். ஒரு தையல் தள்ளிப் போனாலும் கசியும், அல்லது குழாய் சுருங்கும். இந்த வேலையை நொடிக்கு ஒருமுறை துள்ளும் ஒரு தசையின் மேல் செய்வதை நினைத்துப் பாருங்கள். ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டு ஊசியில் நூல் கோப்பது போல.

அதனால்தான் இதயத்தை நிறுத்தும் முறை வந்தது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1953 மே 6 அன்று ஜான் கிப்பன் என்ற அறுவை மருத்துவர், இதய-நுரையீரல் இயந்திரத்தைப் பயன்படுத்தி 18 வயதுப் பெண்ணின் இதயச் சுவரில் இருந்த ஓட்டையை வெற்றிகரமாக அடைத்தார். இதயம் செய்யும் வேலையையும் நுரையீரல் செய்யும் வேலையையும் ஒரு மெஷின் தற்காலிகமாக ஏற்றுக்கொள்ள முடியும் என்பது அன்று நிரூபணமானது.

வழக்கமான ‘ஆன்-பம்ப்’ பைபாஸ் இன்றும் இந்த வழியில்தான் நடக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் மருந்து கொடுப்பார்கள். இதயத்துக்கு வரும் அசுத்த ரத்தத்தைக் குழாய் வழியே மெஷினுக்குத் திருப்புவார்கள். மெஷின் அதில் ஆக்சிஜன் ஏற்றி, பெருந்தமனிக்குத் திருப்பி அனுப்பும். பிறகு பெருந்தமனியில் ஒரு கிளாம்ப் போட்டு, பொட்டாசியம் கலந்த கரைசலை இதயத்துக்குள் செலுத்துவார்கள். இதயம் அமைதியாகிவிடும். டாக்டர் அசையாத, ரத்தம் இல்லாத இடத்தில் நிதானமாகத் தைக்கலாம். வேலை முடிந்ததும் கிளாம்ப்பை எடுத்தால், ரத்தம் பாய்ந்து இதயம் மறுபடி துடிக்கத் தொடங்கும்.

கேட்கவே பயமாக இருந்தாலும், உலகம் முழுக்கப் பல லட்சம் பேருக்கு இப்படித்தான் பைபாஸ் நடந்திருக்கிறது. நன்கு பழகிய, நம்பகமான முறை இது.

அப்போ மெஷினில் என்ன பிரச்சினை?

ரத்தம் உடம்பை விட்டு வெளியே வந்து பிளாஸ்டிக் குழாய்களில் ஓடும்போது, உடம்பு அதை ஒரு தாக்குதலாக எடுத்துக்கொள்கிறது. அழற்சி ஏற்படுகிறது. மெஷினில் உள்ள திரவத்தோடு கலப்பதால் ரத்தம் நீர்த்துப்போகிறது. ரத்தத் தட்டுகளும் பாதிக்கப்படுவதால் ரத்தக்கசிவு கூடலாம். சிறுநீரகமும் நுரையீரலும் ஏற்கெனவே பலவீனமாக இருப்பவர்களுக்கு இது கூடுதல் சுமை.

இரண்டாவது, பெருந்தமனி. வயதானவர்களுக்கும் பல வருட சர்க்கரை நோயாளிகளுக்கும் பெருந்தமனியின் சுவரில் கால்சியம் சுண்ணாம்பு போலப் படிந்திருக்கலாம். அங்கே குழாய் செருகி, கிளாம்ப் போடும்போது துகள்கள் உதிர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரலாம்.

இந்த இரண்டு பிரச்சினைகளையும் தவிர்க்க முடியுமா என்ற கேள்விதான் பீட்டிங் ஹார்ட் முறையை மறுபடி கொண்டுவந்தது.

‘மறுபடி’ என்று சொல்லக் காரணம் உண்டு.

புதுசு என்று நினைத்தீர்களா?

துடிக்கும் இதயத்தில் பைபாஸ் செய்வதுதான் உண்மையில் பழைய முறை. சோவியத் ஒன்றியத்தின் லெனின்கிராட் நகரில் 1964 பிப்ரவரி 25 அன்று வாசிலி கோலெசோவ் என்ற அறுவை மருத்துவர், மார்புத் தமனியை எடுத்து கரோனரி தமனியோடு தைத்து இணைத்தார். மெஷின் இல்லை. இதயம் துடித்துக்கொண்டே இருந்தது.

1967-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில், அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரெனே ஃபவலோரோ கால் சிரையை வைத்துப் பைபாஸ் செய்யும் முறையைத் தொடங்கி, அதை உலகம் முழுக்கப் பரவச் செய்தார். மெஷினும் மேம்பட்டுவிட்டதால், இதயத்தை நிறுத்திச் செய்வதே எல்லோருக்கும் வசதியாகப் போனது. 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம்.செரியன் செய்த பைபாஸ், இந்தியாவின் முதல் பைபாஸ் என்று பதிவாகியிருக்கிறது.

எல்லோரும் மெஷின் பக்கம் போனபோதும், தென் அமெரிக்காவில் சிலர் துடிக்கும் இதய முறையை விடவில்லை. அர்ஜென்டினாவின் ஃபெடெரிகோ பெனெட்டியும் பிரேசிலின் எனியோ பஃபோலோவும் 1980-களில் நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்கு இதைச் செய்தார்கள். அடுத்த திருப்பம் 1990-களின் நடுவில், நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரில் நடந்தது. கார்னீலியஸ் போர்ஸ்ட் தலைமையிலான குழு ‘ஆக்டோபஸ்’ என்ற கருவியை உருவாக்கியது. அதன் பிறகுதான் இந்த முறை உலகம் முழுக்கப் பரவியது.

துடிக்கும் இதயத்தில் எப்படித் தைக்கிறார்கள்?

முழு இதயத்தையும் அசையாமல் வைக்க வேண்டியதில்லை. தைக்கும் இடம் மட்டும் அசையாமல் இருந்தால் போதும் என்பதுதான் இதில் உள்ள யோசனை.

ஆக்டோபஸ் மாதிரியான கருவிகளுக்கு ‘ஸ்டெபிலைசர்’ என்று பெயர். கவட்டை போல இரண்டு கைகள். அவற்றின் அடியில் வரிசையாகச் சின்னச் சின்ன உறிஞ்சு குழிகள். ஆக்டோபஸ் தன் கைகளால் பாறையைப் பற்றிக்கொள்வது போல, தைக்க வேண்டிய தமனியின் இரு பக்கமும் இது ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். சுற்றிலும் இதயம் துடித்துக்கொண்டிருக்க, நடுவில் சில சென்டிமீட்டர் இடம் மட்டும் கிட்டத்தட்ட அமைதியாக இருக்கும்.

அந்த இடத்தில் தமனியைத் திறந்தால் ரத்தம் வருமே? அதற்குத் தமனியைச் சில நிமிடங்கள் இறுக்கிப் பிடிக்கலாம். அல்லது ‘ஷன்ட்’ என்ற நுண்குழாயைத் தமனிக்குள் செருகி, தைக்கும் நேரத்திலும் ரத்தம் அதன் வழியே ஓடும்படி செய்யலாம். கசியும் ரத்தம் கண்ணை மறைக்காமல் இருக்க, கார்பன் டை ஆக்சைடு வாயுவையும் நீர்த்துளிகளையும் மெல்லிதாக ஊதும் கருவி ஒன்று இருக்கிறது. ஒரு இணைப்பு முடிந்ததும் ஸ்டெபிலைசரைக் கழற்றி, அடுத்த தமனிக்குப் போவார்கள்.

முன்பக்கத் தமனி வரை இது ஓரளவு சுலபம். இதயத்தின் பின்பக்கத்தில் இருக்கும் தமனிகளை எட்டுவதுதான் கஷ்டம். அதற்கு இதயத்தையே தூக்கித் திருப்ப வேண்டும். துடிக்கும் இதயத்தைத் தூக்கினால் அதற்குள் ரத்தம் நிரம்புவது குறையும், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். இதைச் சமாளிக்க ஆபரேஷன் மேசையைத் தலைப்பக்கம் தாழ்த்தி, பக்கவாட்டில் சாய்ப்பார்கள். இதயத்தின் நுனியை உறிஞ்சிப் பிடித்து மெதுவாகத் தூக்கும் கருவிகளும் இருக்கின்றன.

இந்த நேரத்தில் முழுப் பொறுப்பும் அறுவை மருத்துவர் கையில் மட்டும் இல்லை. நோயாளியின் தலைமாட்டில் நிற்கும் மயக்க மருந்து நிபுணர் ஒவ்வொரு நொடியும் மானிட்டரைப் பார்த்து, மருந்தைக் கூட்டிக் குறைத்து அழுத்தத்தைப் பிடித்து நிறுத்துவார். “பிரஷர் இறங்குது, கொஞ்சம் விடுங்க” என்று அவர் சொன்னால், அறுவை மருத்துவர் இதயத்தைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுக் காத்திருப்பார். நிலைமை சரியானதும் மறுபடி தொடங்குவார்கள். மெஷினும் அதை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட்டும் பக்கத்திலேயே தயாராக இருப்பார்கள். தேவைப்பட்டால் உடனே ஆன்-பம்ப் முறைக்கு மாற வேண்டும் அல்லவா?

நெஞ்சைத் திறக்க மாட்டார்களா?

திறப்பார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல்களில் அதிகம் குழப்பப்படும் விஷயம் இது.

‘பீட்டிங் ஹார்ட்’ என்றால் சின்னத் துளை வழியே செய்வது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. பெரும்பாலான பீட்டிங் ஹார்ட் பைபாஸில் நெஞ்சின் நடுவே நீளமாகக் கீறி, நெஞ்செலும்பைப் பிளந்துதான் இதயத்தை அடைகிறார்கள். வெளியே தெரியும் தழும்பு இரண்டு முறையிலும் ஒன்றேதான். எலும்பு கூடுவதற்கு ஆகும் காலமும் ஒன்றேதான்.

விலா எலும்புகளுக்கு இடையே சிறிய கீறல் போட்டுச் செய்யும் பைபாஸும் இருக்கிறது. அது ‘மினிமலி இன்வேசிவ்’ என்ற தனி வகை. எல்லோருக்கும் அது பொருந்தாது. டாக்டர் ‘பீட்டிங் ஹார்ட்’ என்று சொன்னால், “நெஞ்செலும்பைத் திறப்பீங்களா, மாட்டீங்களா?” என்று நேரடியாகக் கேட்டுவிடலாம்.

சரி, எது பெஸ்ட்?

மெஷின் இல்லை, இதயத்தை நிறுத்துவதும் இல்லை என்றதும், இதுதான் கண்டிப்பாகச் சிறந்தது என்று தோன்றும். 2000-களின் தொடக்கத்தில் பல மருத்துவர்களும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். ஆனால், ஆயிரக்கணக்கான நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டபோது வந்த முடிவுகள் அவ்வளவு நேராக இல்லை.

முதல் பெரிய ஆய்வு ‘ரூபி’. அமெரிக்காவின் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில் 2,203 பேரிடம் நடந்தது. 2009-ல் வெளியான முடிவு பலருக்கு அதிர்ச்சி. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, மெஷினில் செய்தவர்களுக்கு 87.8 சதவீத கிராஃப்ட்டுகள் திறந்திருந்தன. பீட்டிங் ஹார்ட் முறையில் 82.6 சதவீதம்தான். 2017-ல் வெளியான 5 ஆண்டு முடிவில், இறந்தவர்கள் மெஷின் குழுவில் 11.9 சதவீதம், பீட்டிங் ஹார்ட் குழுவில் 15.2 சதவீதம்.

அடுத்தது ‘கரோனரி’ என்ற ஆய்வு. கனடாவைத் தலைமையிடமாகக் கொண்டு, இந்தியா உட்பட 19 நாடுகளில் 4,752 பேரிடம் நடந்தது. இதன் முதல் முடிவு 2012-ல் வந்தது. 30 நாட்களில் மரணம், பக்கவாதம், மாரடைப்பு, டயாலிசிஸ் தேவைப்படும் சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டு முறைக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பீட்டிங் ஹார்ட் குழுவில் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தவர்கள் 50.7 சதவீதம், மெஷின் குழுவில் 63.3 சதவீதம். ரத்தக்கசிவுக்காக மறுபடி தியேட்டருக்குப் போவதும், சிறுநீரகத் தற்காலிகப் பாதிப்பும், மூச்சுப் பிரச்சினைகளும் பீட்டிங் ஹார்ட்டில் குறைவு. ஆனால், 30 நாட்களுக்குள் மறுபடி ஸ்டென்ட்டோ பைபாஸோ தேவைப்பட்டவர்கள் பீட்டிங் ஹார்ட்டில் 0.7 சதவீதம், மெஷினில் 0.2 சதவீதம்.

2016-ல் வெளியான 5 ஆண்டு முடிவில் இரண்டு குழுவும் ஏறக்குறைய சமம். அதே ஆய்வில் மறு சிகிச்சையையும் சேர்த்துக் கணக்கிட்ட மொத்தப் பாதிப்பு, பீட்டிங் ஹார்ட்டில் 23.1 சதவீதம், மெஷினில் 23.6 சதவீதம்.

ஜெர்மனியில் 75 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்து 2013-ல் வெளியான இன்னொரு பெரிய ஆய்விலும், ஒரு வருடத்தில் இரு முறைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஒரே ஆபரேஷன், ஏன் வேறு வேறு முடிவு?

ரூபியில் பீட்டிங் ஹார்ட் தோற்றது, கரோனரியில் சமமாக நின்றது. ஏன்?

பதிலின் முக்கியமான பகுதி டாக்டர்களின் கையில் இருக்கிறது. ரூபி ஆய்வில் பங்கேற்க, ஒரு அறுவை மருத்துவர் அதுவரை 20 பீட்டிங் ஹார்ட் ஆபரேஷன் செய்திருந்தாலே போதும். பயிற்சி மருத்துவர்களும் பலருக்குத் தைத்தார்கள். கரோனரி ஆய்வில் 100-க்கு மேல் செய்திருக்க வேண்டும் என்று விதி. ரூபியில் பீட்டிங் ஹார்ட்டாகத் தொடங்கியவர்களில் 12.4 சதவீதம் பேருக்கு நடுவில் மெஷினுக்கு மாற வேண்டிவந்தது. கரோனரியில் அது 7.9 சதவீதம்.

இன்னொரு விஷயம், போட வேண்டிய கிராஃப்ட்டுகளை எல்லாம் போட்டார்களா என்பது. நான்கு இடத்தில் அடைப்பு இருக்கும்போது, பின்பக்கத் தமனியை எட்டுவது கஷ்டம் என்று மூன்றோடு நிறுத்தினால், அந்தப் பகுதி இதயத் தசை பட்டினியாகவே இருக்கும். ஆபரேஷன் அன்று எல்லாம் நல்லபடியாக முடிந்த மாதிரிதான் தெரியும். விளைவு சில வருடங்கள் கழித்துத் தெரியும்.

மெஷினில் அசையாத இதயத்தில் தைப்பதைப் பெரும்பாலான இதய அறுவை மருத்துவர்கள் நன்றாகச் செய்வார்கள். பீட்டிங் ஹார்ட் அப்படி இல்லை. அதைத் தினமும் செய்து பழகிய கை, எப்போதாவது செய்யும் கை என்ற வித்தியாசம் இதில் அதிகம்.

நாட்டுக்கு நாடு பழக்கமும் மாறுகிறது. அமெரிக்காவில் நடக்கும் பைபாஸ்களில் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாகவே இந்த முறையில் செய்யப்படுகின்றன. ஜப்பானில் பாதிக்கு மேல். இந்தியாவிலும் இது மிகப் பரவலாக இருக்கிறது. மெஷினுக்கு ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாக வாங்க வேண்டிய ஆக்சிஜனேட்டர், குழாய் செட் ஆகியவற்றின் செலவு மிச்சமாவது இதற்கு ஒரு காரணம். வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் செய்து கை பழகிய மருத்துவர்கள் இங்கே இருப்பது இன்னொரு காரணம்.

யாருக்கு பீட்டிங் ஹார்ட் உதவும்?

* பெருந்தமனியில் கால்சியம் அதிகம் படிந்தவர்கள். இவர்களுக்கு அந்தத் தமனியைத் தொடாமல் இருப்பதே பெரிய நன்மை. ஆனால், ஒரு நுணுக்கம். கால் சிரையின் மேல்முனையைப் பெருந்தமனியில்தான் தைப்பது வழக்கம். பீட்டிங் ஹார்ட்டிலும் அதற்காகப் பெருந்தமனியில் பக்கவாட்டுக் கிளாம்ப் போடுவது உண்டு. அதையும் தவிர்க்க வேண்டுமென்றால், மார்புத் தமனிகளை மட்டும் வைத்தோ, அவற்றிலிருந்தே கிளை எடுத்தோ கிராஃப்ட் போட வேண்டும். பக்கவாத ஆபத்தைக் குறைப்பதில் முழுப் பலன் அப்போதுதான்.
* முன்பு பக்கவாதம் வந்தவர்கள்.
* சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள், நுரையீரல் பலவீனமானவர்கள்.
* ரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்கள், ரத்தம் ஏற்றுவதைத் தவிர்க்க விரும்புபவர்கள்.

யாருக்கு மெஷின் நல்லது?

* பைபாஸோடு வால்வு ஆபரேஷனும் சேர்த்துச் செய்ய வேண்டியவர்கள். இதயத்தைத் திறக்க வேண்டியிருப்பதால் மெஷின் தேவை.
* ரத்த அழுத்தம் நிலையில்லாமல், அவசர நிலையில் வருபவர்கள்.
* இதயம் மிகவும் வீங்கி, கொஞ்சம் தூக்கினாலும் அழுத்தம் விழுந்துவிடும் நிலையில் உள்ளவர்கள்.
* தமனிகள் மிகச் சிறியதாகவோ, தசைக்குள் புதைந்தோ இருப்பவர்கள்.

இரண்டு பட்டியலிலும் சேராத, நடுத்தர ஆபத்து உள்ளவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு எந்த முறை என்பதைவிட, அந்த முறையில் அந்த டாக்டருக்கு எவ்வளவு பழக்கம் என்பதுதான் முக்கியம்.

நடுவில் மெஷினுக்கு மாறினால் தோல்வியா?

இல்லை. அழுத்தம் தாங்கவில்லை, தமனி எட்டவில்லை என்று தெரிந்ததும் பதற்றமில்லாமல் மெஷினுக்கு மாறுவது நல்ல முடிவு. ஆபத்து எங்கே என்றால், கடைசி நிமிடம் வரை இழுத்துப்பிடித்து, இதயம் தடுமாறிய பிறகு அவசரமாக மாறுவதில்தான். அப்படி மாறும்போது உயிரிழப்பு ஆபத்து பல மடங்கு கூடுகிறது. “எப்படியாவது பீட்டிங் ஹார்ட்லயே முடிச்சிடுங்க” என்று டாக்டரை வற்புறுத்தாமல் இருப்பதும் குடும்பத்தினர் செய்யக்கூடிய ஒரு உதவி.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. அப்பாவுக்கு இந்த முறையை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள்? அவருடைய உடல்நிலையில் என்ன காரணம்?
2. நீங்கள் செய்யும் பைபாஸ்களில் எத்தனை பங்கு பீட்டிங் ஹார்ட்? வருடத்துக்கு எத்தனை?
3. எத்தனை தமனிகளில் அடைப்பு? அத்தனைக்கும் கிராஃப்ட் போட முடியுமா?
4. மார்புத் தமனியைப் பயன்படுத்துவீர்களா? ஒன்றா, இரண்டா?
5. பெருந்தமனியில் கால்சியம் இருக்கிறதா? இருந்தால் அதைத் தொடாமல் செய்ய முடியுமா?
6. நடுவில் மெஷினுக்கு மாற வேண்டிவந்தால் என்ன ஏற்பாடு? செலவு மாறுமா?

இந்தக் கேள்விகளைக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். பொறுமையாகப் பதில் சொல்லும் டாக்டர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். மாரடைப்பு வந்து அவசரமாகச் செய்ய வேண்டிய நிலை இல்லையென்றால், ஆஞ்சியோ சிடியை எடுத்துக்கொண்டு இன்னொரு இதய அறுவை மருத்துவரிடம் கருத்துக் கேட்கவும் நேரம் இருக்கும்.

செலவைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பைபாஸ் அறுவை சிகிச்சை சேர்ந்திருக்கிறது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஓமந்தூரார் பல்நோக்கு மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளிலும் பைபாஸ் நடக்கிறது. தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள், பாலிசியில் இதய நோய்க்குக் காத்திருப்புக் காலம் இருக்கிறதா, அறை வாடகைக்கு வரம்பு இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. பெயரில் ‘பீட்டிங் ஹார்ட்’ இருப்பதால் மட்டும் பேக்கேஜ் தொகை கூடுகிறது என்றால், எதற்கு என்று கேட்கலாம். ஆக்சிஜனேட்டர் செலவு இதில் இல்லை என்பது நினைவிருக்கட்டும்.

ஆபரேஷன் முடிந்த பிறகு

எந்த முறையில் செய்தாலும் முதல் சில நாட்கள் ஐசியு, மொத்தமாக ஒரு வாரம் அளவுக்கு மருத்துவமனை வாசம் என்பதுதான் பொதுவான கணக்கு. நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டியிருப்பார்கள். அது நன்றாகக் கூட 6 முதல் 8 வாரங்கள் ஆகும். அதுவரை கனமான பொருளைத் தூக்குவது, பைக் ஓட்டுவது கூடாது. இருமும்போது நெஞ்சில் ஒரு தலையணையை அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள், வலி குறையும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்ட வேண்டும். மூச்சுப் பயிற்சிக் கருவியை டிவி பார்க்கும்போதாவது பயன்படுத்தச் சொல்லுங்கள்.

சில வாரங்கள் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், சிலருக்கு மனச்சோர்வும் வரும். “ஆபரேஷன்தான் நல்லபடியா முடிஞ்சுடுச்சே, இன்னும் ஏன் இப்படி இருக்கார்?” என்று வீட்டில் சலித்துக்கொள்ள வேண்டாம். இது வழக்கம்தான். நீடித்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

காய்ச்சல், தையல் இடத்தில் சீழ், நெஞ்செலும்பில் ‘க்ளிக்’ சத்தம், கூடிக்கொண்டே போகும் மூச்சுத்திணறல், கால் வீக்கம், முகம் கோணுதல், பேச்சுக் குழறல் போன்றவை இருந்தால் அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடைப்பு அங்கேயேதான் இருக்கிறது, பாதைதான் மாறியிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. அடைப்பை உண்டாக்கிய சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகை எல்லாம் புதிய பாதையையும் விடாது. ஆஸ்பிரின், ஸ்டாடின் மாத்திரைகளை “இப்போதான் நல்லாயிட்டேனே” என்று தானாக நிறுத்தினால், எவ்வளவு திறமையாகத் தைத்த கிராஃப்ட்டும் அடைபடலாம். தைத்துக் கொடுப்பதோடு அறுவை மருத்துவரின் வேலை முடிகிறது. அந்தப் பாதையைத் திறந்து வைத்திருப்பது அதற்குப் பிறகு வீட்டில் நடக்கும் வேலை. பீட்டிங் ஹார்ட்டானாலும் சரி, மெஷின் ஆனாலும் சரி, அதில் எந்த மாற்றமும் இல்லை.